நாற்பத்தொன்பது வெற்றிகள்

இருவர் ஒரு களத்தில் எதிர்நின்று பொருதால், வென்றவர் இன்னார் என்பதை அக்களமே காட்டிவிடும். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்து, ஒருவரை ஒருவர் எதிர்ப்படாமலே சென்ற வீரர்களுள் மேம்பட்டவர் யாவர் என வினவினால், அதற்கு விடை கூறத்தக்க களம் எங்கும் இல்லை. ஆராய்ச்சியையே அங்குக் களமாகக் கொள்ளுதல் வேண்டும். விளையாட்டுத் துறையில் இத்தகைய வழக்குகள் பல உள. அவற்றுள் நெடுங்காலமாக முடிவு பெறாது நிற்கும் வழக்கொன்று, அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் இராக்கி மார்சியானோவைப் பற்றியது.

தொழில்முறை வீரராக அவர் பொருத போர்கள் 49. அந்த 49 போர்களிலும் அவரே வென்றார். தோல்வி ஒன்றும் இல்லை; சமநிலை ஒன்றும் இல்லை. இவ்வெற்றிகளுள் 43, எதிரியை இறுதிச் சுற்றுக்கு முன்னரே வீழ்த்திப் பெற்றவை. “அங்ஙனமாயின், எக்காலத்துக்கும் தலைசிறந்த வீரர் அவரே அல்லரோ?” என்று ஒரு சாரார் கேட்பர். “அவர் வென்றது முதுமையுற்றுத் தளர்ந்தவரை அன்றோ?” என்று மற்றொரு சாரார் மறுப்பர். இரு சாராரும் கூறுவனவற்றுள் உண்மை உண்டு. அவ்வுண்மை எவ்வளவு என்பதே ஆராயத்தக்கது.

குத்துச்சண்டையின் முறைகளை ஈண்டுச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். கயிறுகள் சூழ்ந்த சதுர மேடையில் கையுறை அணிந்த இருவர் பொருவர். ஒரு சுற்றுக்கு 3 நிமிடம். இரு சுற்றுகளுக்கு இடையே 1 நிமிடம் ஓய்வு. வீழ்ந்தவர், நடுவர் 10 எண்ணி முடிப்பதற்குள் எழாவிடின் தோற்றவராவார். இறுதிவரை இருவரும் நின்றால், மதிப்பெண்களைக் கொண்டு முடிவு கூறுவர். மார்சியானோவின் காலத்தில் உலகப் பட்டத்துக்குரிய போர் 15 சுற்றுகளை உடையதாக இருந்தது. வீரர்கள் உடல் எடைக்கு ஏற்பப் பல பிரிவினராகப் பகுக்கப்படுவர். அப்பிரிவுகளுள் உச்சியில் இருப்பது, ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவு. அதற்கு எடையின் மேல்வரம்பு இல்லை.

மார்சியானோ 1923-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்சு மாநிலத்தில் உள்ள பிராக்டன் என்னும் நகரில் பிறந்தார். காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகர் அது. இத்தாலி நாட்டினின்று குடியேறிய தந்தையார், அங்குக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் உழைத்துக் குடும்பத்தைக் காத்துவந்தார். மகனுடைய விருப்பமெல்லாம் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்திலேயே இருந்தது. 1947-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதன்முதலாகக் கூலிக்குக் குத்துச்சண்டை செய்தபோதும், அவர் தம் பெயரை மறைத்து வேறு பெயரிலேயே மேடை ஏறினார். அதன் பின்னரும் பந்தாட்டக் குழு ஒன்றில் இடம்பெற முயன்றார். திறமை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். 1948-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 25 வயதில், குத்துச்சண்டையையே தொழிலாக மேற்கொண்டார். பிறர் இளமையிலேயே கற்றுத் தேர்ந்துவிடும் ஒரு கலையை, அவர் அந்த வயதில்தான் கற்கத் தொடங்கினார்.

உடலமைப்பும் அவருக்குத் துணை நிற்கவில்லை. உயரம் 5 அடி 10½ அங்குலம். எடை 185 இராத்தலுக்கு அண்மையில். விரித்த இரு கைகளின் நீளம் ஏறத்தாழ 68 அங்குலமே. மிகுஎடைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றவர்களுள் இத்துணைக் குறுகிய கை உடையவர் அரியர். முகம்மது அலிக்கு அந்நீளம் 78 அங்குலம். கை நீண்டவர் எட்ட நின்றே தாக்குவார். கை குறுகியவரோ அத்தாக்குதலைத் தாங்கிக்கொண்டு நெருங்கிச் செல்லுதல் வேண்டும். மார்சியானோவைப் பயிற்றிய சார்லி கோல்டுமன் என்னும் ஆசிரியர், இக்குறையை மறைக்க முயலவில்லை. நிமிர்ந்து நின்று நயமாகப் பொருமாறு அவரை வற்புறுத்தவுமில்லை. முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, எதிரியின் கைகளுக்குக் கீழே புகுந்து, அண்மையில் நின்று குத்துமாறு பழக்கினார். குள்ளமானவரை மேலும் குனியச் செய்த அவ்வாசிரியரின் நுண்ணறிவு பாராட்டத்தக்கது. உயர்ந்த எதிரி, தம் முழங்கைக்குக் கீழே உள்ள தலையை எவ்வாறு குத்துவார்? மாணாக்கரிடம் இல்லாததை எண்ணி வருந்தாமல், உள்ளதைக் கண்டு வளர்க்கும் ஆசிரியர் எல்லாத் துறையிலும் சிலரே.

1951-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26-ஆம் நாள், நியூயார்க்கு நகரில் மார்சியானோ பழம்பெரும் வீரரான ஜோ லூயிஸை எதிர்த்தார். 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் உலகப் பட்டத்தைத் தாங்கியவர் லூயிஸ். ஓய்வு பெற்றபின், வரிக்கடன் நெருக்கவே மீண்டும் களம் புகுந்தவர். அப்போது அவருக்கு வயது 37. எட்டாம் சுற்றில் மார்சியானோவின் குத்து, அவரைக் கயிறுகளுக்கு வெளியே சாய்த்தது. இளமையில் தாம் போற்றிய வீரரைத் தம் கையாலேயே வீழ்த்தியதை எண்ணி, மார்சியானோ பின்னர் லூயிஸின் அறைக்குச் சென்று கண்ணீர் விட்டார் என்பர். இவ்வெற்றியை அவருடைய பெருமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. வென்றவரே அங்ஙனம் கொள்ளவில்லை.

மார்சியானோவின் பெருமையை அறிய விழைவோர் ஆராய வேண்டுவது, 1952-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த போர். பட்டத்தைத் தாங்கி நின்றவர் ஜெர்சி ஜோ வால்காட். முதற்சுற்றிலேயே அவர் இடக்கையை வளைத்து வீசிய குத்தால் மார்சியானோ தரையில் வீழ்ந்தார். அவர் தம் தொழில்வாழ்வில் வீழ்ந்தது அதுவே முதன்முறை. எழுந்தார், நெருங்கினார், மீண்டும் அடிபட்டார். இடையில் கண்களில் ஏதோ மருந்து பட்டு எரிய, சில சுற்றுகள் வரை பார்வை மங்கியும் பொருதார். 12 சுற்றுகள் முடிந்தபோது, மூன்று மதிப்பீட்டாளர்களின் கணக்கிலும் வால்காட்டே முந்தி நின்றார். எஞ்சிய 3 சுற்றுகளிலும் விழாமல் நின்றிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். பதின்மூன்றாம் சுற்று தொடங்கிச் சிறிது நேரத்திற்குள், கயிற்றோரத்தில் இருவரும் ஒரே நொடியில் வலக்கையை ஓங்கினர். மார்சியானோவின் குத்து முந்தியது. அது நெடுந்தூரம் வந்த குத்தன்று. சில அங்குலமே நகர்ந்தது. வால்காட் ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, மெல்லச் சரிந்து முழந்தாளில் அமர்ந்து, முன்னோக்கித் தாழ்ந்தார். 10 எண்ணும்வரை அவர் எழவில்லை. புள்ளிக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தவர், ஒரே குத்தினால் உலகப் பட்டம் பெற்றார்.

பின்னர் 1954-ஆம் ஆண்டில் எசார்டு சார்லஸ் என்னும் பெருந்திறல் வீரரை மார்சியானோ இருமுறை எதிர்த்தார். சூன் திங்களில் நிகழ்ந்த முதற்போர் 15 சுற்றுகளும் நீண்டது. மதிப்பெண்களால் மார்சியானோ வென்றார். பட்டத்துக்கான போரில் 15 சுற்றுகள் வரை அவரை எதிர்த்து நின்றவர் சார்லஸ் ஒருவரே. செப்டம்பரில் நிகழ்ந்த மறுபோரில் மார்சியானோவின் மூக்கு பிளந்து குருதி பெருகிற்று. நடுவர் எந்நேரமும் போரை நிறுத்திவிடக்கூடும் என்னும் நிலை. நிறுத்தினால் பட்டம் போகும். அதனை உணர்ந்த மார்சியானோ, எட்டாம் சுற்றிலேயே சார்லஸை வீழ்த்திப் போரை முடித்தார். 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், நியூயார்க்கில் 60,000 பேருக்கு மேற்பட்டோர் காண ஆர்ச்சி மூரை எதிர்த்தபோதும், இரண்டாம் சுற்றில் தாமே முதலில் வீழ்ந்து, எழுந்து, ஒன்பதாம் சுற்றில் மூரை வென்றார். அதுவே அவருடைய நாற்பத்தொன்பதாவது போர். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், 32 வயதில், பட்டத்தைத் துறந்து ஓய்வு பெற்றார்.

இனி, மறுப்போர் கூற்றைக் கேட்போம். 49 என்னும் எண்ணைப் பிரித்துப் பார்க்குமாறு அவர்கள் கூறுவர். தொடக்கக் காலப் போர்களுட் பெரும்பாலன, பிராவிடன்சு நகரில் பெயர் விளங்காத வீரர்களோடு செய்தவை. அவர்களை வெல்லுதல் அரிதன்று. 1950-ஆம் ஆண்டு ரோலண்டு லாஸ்டார்சா என்பாரோடு பொருத போரில், மதிப்பீட்டாளர் இருவருள் ஒருவர் மார்சியானோவுக்கும், மற்றவர் லாஸ்டார்சாவுக்கும் வெற்றி கூறினர். நடுவர் கணக்கிலோ இருவரும் சமமான சுற்றுகளை வென்றிருந்தனர். துணை மதிப்பெண்களைக் கொண்டே மார்சியானோவுக்கு வெற்றி கூறப்பட்டது. அவ்விரவில் நடுவரின் எண்ணம் சிறிது மாறியிருப்பின், ‘தோல்வியறியா வீரர்’ என்னும் சொல்லே பிறந்திராது. பட்டத்தை வென்றபோது எதிரியான வால்காட்டுக்கு வயது 38. சார்லஸ் மறுபோரின்போது 33 வயதினராயினும், மிகப் பல போர்களில் அடிபட்டுத் தேய்ந்தவர். மூரின் வயதோ அந்நாளில் ஒரு வேடிக்கையாகவே இருந்தது: அவர் தாம் பிறந்தது 1916 என்பார், அவர் தாயார் 1913 என்பார். தாயார் கூற்றே மெய்யெனின், மார்சியானோவை எதிர்த்தபோது மூர் 41 வயதினர்.

எண்ணிக்கை மட்டுமே பெருமையை நிலைநாட்டாது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. டென்மார்க்கு நாட்டு வீரர் பிரையன் நீல்சன் என்பார், அதே மிகுஎடைப் பிரிவில் 49 போர்களைத் தொடர்ந்து வென்றார். 1999-ஆம் ஆண்டில் ஐம்பதாவது போரில் தோற்றார். அவரை மார்சியானோவோடு ஒருங்குவைத்து எண்ணுவார் எவரும் இலர். 2017-ஆம் ஆண்டில் பிளாய்டு மேவெதர் 50-ஆவது வெற்றியைப் பெற்று மார்சியானோவின் எண்ணைக் கடந்தார். அவர் எடை குறைந்த பிரிவுகளில் ஒப்பற்ற திறலோர் என்பது உண்மை. ஆயினும் அந்த ஐம்பதாவது எதிரி, அதற்குமுன் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒருமுறையும் மேடை ஏறாதவர். எண்கள் ஒன்றாயினும், அவற்றின் எடை ஒன்றன்று.

மறுப்போர் கூற்று இதுவரை வலிமையுடையதே. ஆயினும் வயதைப் பற்றி அவர்கள் கூறுவதை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதல் இயலாது. வால்காட் ஏன் 37 வயதில் பட்டம் பெற்றார்? மூர் ஏன் 36 வயதுவரை எந்தப் பிரிவிலும் உலகப் பட்டத்துக்குப் பொரும் வாய்ப்பைப் பெறவில்லை? அவர்கள் கறுப்பினத்தவர். 1915-ஆம் ஆண்டில் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பின்னர், 1937-ஆம் ஆண்டில் ஜோ லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டுகள் கறுப்பினத்தவர் ஒருவரும் மிகுஎடைப் பட்டத்துக்காகப் பொர விடப்படவில்லை. அந்த அடைப்பு லூயிஸால் உடைந்த பின்னும், பிறர் திறமை இருந்தும் ஆண்டுக்கணக்கில் வாயிலில் காத்து நின்றனர். வால்காட் வறுமையில் உழன்று, ஐந்தாம் முயற்சியில்தான் பட்டத்தைப் பெற்றார். இவர்கள் தளர்ந்ததனால் முதியராய் வந்தவர் அல்லர். கதவு காலம் கடந்து திறந்ததனால் முதியராய் வந்தவர்கள். வால்காட் பட்டம் பெற்றது, தம் ஆற்றல் முழுமையாகக் கனிந்த காலத்தில். மூரோ, மார்சியானோவிடம் தோற்று மூன்று ஆண்டுகள் சென்ற பின்னரும், 1958-ஆம் ஆண்டு டிசம்பரில் மான்ட்ரியல் நகரில் ஈவான் டுரேல் என்னும் இளையவரை எதிர்த்து, முதற்சுற்றிலேயே மும்முறை வீழ்ந்தும் எழுந்து, பதினோராம் சுற்றில் வெற்றி பெற்றுத் தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார். 1958-இல் அவ்வாறு பொருதவரை, 1955-இலேயே ஓய்ந்தவர் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? ‘முதியவர்களை வென்றார்’ என்று மார்சியானோவைக் குறைத்துப் பேசுவோர், தம்மையறியாமலே வால்காட்டையும் சார்லஸையும் மூரையும் இழிவுபடுத்துகின்றனர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பட்டத்துக்காக மார்சியானோ பொருத போர்கள் 7. அவற்றுள் 5 போர்கள் இம்மூவரோடு செய்தவை. அந்நாளில் அவர்களைவிட வலிய எதிரிகள் இலர். அவரை எதிர்க்கத் தகுதி பெற்று நின்ற எவரையும் கண்டு அவர் ஒதுங்கிச் செல்லவில்லை. ஒரு வீரர் தம் காலத்தில் உள்ளவரோடன்றி, பிறவாதவரோடு எவ்வாறு பொர இயலும்?

ஆயின், அவர் எக்காலத்தவரிலும் முதல்வரா? அவ்வாறு கூறுதல் இயலாது. ஜோ லூயிஸ் தம் பட்டத்தை 25 முறை காத்தார். மார்சியானோ காத்தது 6 முறை. லூயிஸ் 1936-இல் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்தார். ஈராண்டு கழித்து அவரையே முதற்சுற்றில் வீழ்த்தினார். முகம்மது அலி 1971-இல் ஜோ பிரேசியரிடமும், 1973-இல் கென் நார்டனிடமும் தோற்றார். பின்னர் அவ்விருவரையும் வென்றார். 1974-இல் கின்ஷாசா நகரில், எவரும் எதிர்க்க அஞ்சிய ஜார்ஜ் போர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தி, இழந்த பட்டத்தை மீட்டார். 1978-இல் மூன்றாம் முறையும் பட்டம் பெற்றார். தோல்வியே காணாதவரிடம் ஒன்றை மட்டும் அளந்தறிதல் இயலாது: தோற்ற மனிதர், தம்மைத் தோற்கடித்தவரையே மீண்டும் எதிர்க்கும்போது என்ன செய்வார் என்பது. லூயிஸிடத்தும் அலியிடத்தும் உலகம் அதனைக் கண்டது. மார்சியானோவிடம் அதற்கு அண்மையிற் கண்டது, பிலடெல்பியாவில் அந்தப் பதின்மூன்றாம் சுற்றே. ஆதலின் லூயிஸையும் அலியையும் முன்வைத்து, மார்சியானோவை அவர்களை அடுத்த வரிசையில் வைத்தலே முறை. அவ்வரிசையில் அவர் மூன்றாமவரோ, ஐந்தாமவரோ என்று வழக்காடுவோர் வழக்காடுக. அவரை அவ்வரிசையினின்றே நீக்குவோர் கூற்று ஏலாது.

அவருடைய எடையைக் காட்டி இக்காலத்தார் கூறும் தடையும் ஒன்றுண்டு. 184 இராத்தல் எடையோடு உலகப் பட்டம் வென்றவர், இன்று 200 இராத்தலை வரம்பாக உடைய கீழ்ப்பிரிவிலேயே வைக்கப்படுவார் என்பது அது. இஃது அளவைப் பற்றிய செய்தி, பெருமையைப் பற்றியதன்று.

மார்சியானோவின் எண்ணை நெருங்கியோருள் லாரி ஹோம்ஸ் என்பார் ஒருவர். 48 போர்களைத் தொடர்ந்து வென்று, 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், தம் 49-ஆவது வெற்றியை நாடி மேடை ஏறினார். மார்சியானோ மூரை வென்று சரியாக 30 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் மதிப்பெண்களால் தோற்ற ஹோம்ஸ், சினத்தால் மார்சியானோவை இழித்துரைத்துவிட்டுப் பின்னர் அதற்காக வருந்தினார். ஹோம்ஸும் பெருவீரரே. இறந்து 16 ஆண்டுகள் ஆன ஒருவரின் எண், உயிரோடிருந்த வீரரை அத்துணை வருத்திற்று.

களத்தில் தீர்க்க இயலாத இவ்வழக்கை எந்திரத்தால் தீர்க்கவும் ஒருமுறை முயன்றனர். 1969-ஆம் ஆண்டில், ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆன மார்சியானோவும், பட்டம் பறிக்கப்பட்டுப் போர் செய்ய இடமின்றி இருந்த முகம்மது அலியும் மூடிய அரங்கில் ஒன்றுகூடினர். மார்சியானோ பெருத்திருந்த உடலை இளைக்கச் செய்து, வழுக்கையைப் பொய்ம்மயிரால் மறைத்துக்கொண்டு வந்தார். பல சுற்றுகள் பொருவதுபோல் நடித்துப் படம் பிடிக்கப்பட்டது. இருவருடைய வலிமைகளையும் குறைகளையும் எண்களாக்கிக் கணிப்பொறியில் இட்டு, அது கூறும் முடிவுக்கேற்பப் படத்தை ஒட்டுவது ஏற்பாடு. முடிவு யாதென்பதை இருவருக்கும் கூறவில்லை. அதனை அறிந்துகொள்ளும் முன்னரே, 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், நாற்பத்தாறாம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் அப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்டது. பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ, அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவிற் காட்டப்பட்ட படத்திலோ, வென்றவர் அலி.